லாகின் திரையில் யாரோ எழுதுகிறார்கள்

செப்டம்பர் 2, செவ்வாய்

உயிரியல் சாரின் டீ கப் ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் வந்து இன்றோடு எட்டு நாள். உள்ளே பச்சையாக ஏதோ வளர ஆரம்பித்திருக்கிறது. கேட்டால், "இருக்கட்டும் டீச்சர், ஒரு ஆராய்ச்சிக்கு" என்கிறார். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

கப்புக்குப் பக்கத்தில்தான் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர். விண்டோஸ் இல்லை, லினக்ஸ் போட்டது. ஆன் செய்தால் முதலில் வருவது லாகின் திரை. நீலப் பின்னணி, நடுவில் எங்கள் பெயர்கள் வரிசையாக. பார்த்தாலே கொட்டாவி வரும். ஆனால் ஒரு நாளைக்குப் பதினெட்டு பேர் அதன் முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடிக்கிறோம். பதினெட்டு பேரும் தவறாமல் பார்க்கிற இடம் இந்தப் பள்ளிக்கூடத்தில் அது ஒன்றுதான். அறிவிப்புப் பலகையை யார் பார்க்கிறார்கள்?

மூன்றாம் பீரியடில் லேப் மிஸ் வந்து அந்தக் கம்ப்யூட்டரில் ஏதோ சரிசெய்தாள். கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவள், முப்பத்து நாலு வயது, ஒப்பந்த வேலை. அட்மின் பாஸ்வேர்டு அவளிடம் மட்டும்தான். அதை அடிக்கும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் உதட்டை அசைப்பாள், பாவம். அவளுக்கே தெரியாது. நான் பக்கத்து மேஜையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு எழுத்து. நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

என்னைப் பற்றி அவள் ஏன் கவலைப்பட வேண்டும்? எனக்குத்தான் கம்ப்யூட்டரே தெரியாதே.

தெரியும். வீட்டில் நாலு வருஷமாக லினக்ஸ்தான் ஓட்டுகிறேன். ஆனால் இந்த ஸ்டாஃப் ரூமில் கம்ப்யூட்டர் தெரியும் என்று வாயைத் திறப்பதும் கழுத்தை நீட்டுவதும் ஒன்று. வரலாற்று டீச்சர் ஒரு நாள் ஒரு பட்டியலை அழகாக அடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். எல்லா வகுப்பு மதிப்பெண்ணையும் அவர் தலையில் கட்டினார்கள். இரண்டு வருஷம் அடித்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அந்த வேலை இப்போது லேப் மிஸ் தலையில். நான் பார்த்துப் பாடம் படித்தவள். மூன்று வருஷமாக ஒற்றை விரலில்தான் பாஸ்வேர்டு அடிக்கிறேன். அதுவும் எழுத்தைத் தேடித் தேடி.

செப்டம்பர் 3, புதன்

வீட்டு லேப்டாப்பில் ஒத்திகை. லாகின் திரைக்கென்று தனியாக ஓர் அமைப்புக் கோப்பு இருக்கிறது. அதில் ஒரு வரி எழுதி, அடுத்து ஒரு கட்டளை கொடுத்தால் பெயர்களுக்கு மேலே அந்த வரி வந்து நிற்கிறது. வீட்டுக்காரர் காபியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரை வம்புக்கு இழுக்கப் போற?"

"யாரையும் இல்ல."

"அப்ப நிச்சயம் யாரையோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 4, வியாழன்

வந்தது. காலை எட்டு இருபதுக்கு எல்லோர் கண்ணிலும் பட்டது:

"ஜன்னலோரக் கப்பில் உயிர் தோன்றியுள்ளது. பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும்."

முதலில் படித்தது பூகோள டீச்சர். அவரை நாங்கள் அட்லஸ் என்போம், எதையும் பத்து நாடு சுற்றித்தான் சொல்லுவார். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன எழுதியிருக்கு? எனக்கு இந்த மெஷின்ல ஒண்ணும் புரியாது" என்றேன். அட்லஸே வாசித்துக் காட்டினார். நானும் சிரித்தேன், ஒரு விநாடி தாமதமாக. அந்த ஒரு விநாடி முக்கியம்.

உயிரியல் சார் கப்பை எடுக்கவில்லை. பெருமைப்படுகிறார் போலிருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

சொதப்பல். பின்னணிப் படத்தை மாற்றினேன், திரை கறுப்பாகிவிட்டது. மதியம் முழுவதும் யோசித்தேன். படத்தை என் சொந்தக் கோப்புறைக்குள் வைத்துவிட்டேன். லாகின் திரையோ யாரும் உள்ளே வருவதற்கு முன்னாலேயே வாசலில் நிற்கிற காவலாளி. என் அறையைத் திறந்து பார்க்க அதற்கு அனுமதி இல்லை. எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வைத்திருக்க வேண்டும். இத்தனை சின்ன விஷயம். எட்டாம் வகுப்பில் யாராவது இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைய நாளை மறக்க மாட்டேன். கப்புக்குள் போனை விட்டுப் படம் எடுத்து, திரை முழுக்க வைத்தேன். பச்சையும் சாம்பலுமாக, மேடும் பள்ளமுமாக, உண்மையிலேயே அழகாக இருந்தது.

அட்லஸ் பார்த்துவிட்டு, "எந்த நாட்டு மழைக்காடு இது? ஏறிப் போய்ப் பாக்கணும் போல இருக்கே" என்றார். உயிரியல் சார் கிட்டே போய்ப் பார்த்தார். இன்னும் கிட்டே போனார்.

"இது என் கப்பு!"

ஐந்தாவது நிமிடம் கப்பைக் கழுவி வைத்துவிட்டார். இரண்டு வாரமாகச் சொல்லி நடக்காதது. மீதி நாள் எனக்குப் பாடமே ஓடவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

உடற்பயிற்சி சார் ஸ்டாஃப் ரூமுக்குள்ளேயும் விசில் ஊதித்தான் ஆளைக் கூப்பிடுவார். அவருக்கு: "மனிதர்களை வாயால் பெயர் சொல்லியும் அழைக்கலாம் என்று ஆய்வுகள் கூறுகின்றன."

சாயங்காலம் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

எங்கள் தலைமையாசிரியைக்குச் சுற்றறிக்கை என்று பெயர். தும்மல் வந்தாலும் அதற்கொரு சுற்றறிக்கை விடுவார், எண் போட்டு. இன்றையது எண் 41: "லாகின் திரையில் யாரோ எழுதுகிறார்கள். அது பள்ளியின் சொத்து. எழுதுபவர் தாமாக முன்வரவும்."

முன்வரவா? நானா? கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் நீட்டினேன்.

ஆனால் பயமாகத்தான் இருந்தது. தினமும் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதன் முன்னால் உட்காருவது ஆபத்து. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நிதானமாக ஒரு வேலை செய்தேன். பதினைந்து வரிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போட்டு, ஒரு கோப்பில் வைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் தினமும் எழுந்ததும் தேதியைப் பார்க்கும், அந்த நாளுக்குரிய வரியை எடுத்துத் திரையில் மாட்டும். இனி நான் பக்கத்திலேயே போக வேண்டாம். விடுப்பில் இருந்தாலும் வரி மாறும். மாறினால் என்னை யார் சந்தேகப்படுவார்கள்?

இருபத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் மூளை, சும்மா இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

தலைவலி என்று விடுப்பு. தலை நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு அட்லஸ் போன்.

"இன்னைக்கும் வந்திருக்கு! 'விடுப்பில் இருப்பவர்களைப் பார்த்து வயிறு எரியாதீர்கள்'னு போட்டிருக்கு. நீங்க வேற லீவு. உங்களத்தான் சொல்லுதோ?"

"எனக்கு என்ன தெரியும், நான் போர்த்திட்டுப் படுத்திருக்கேன்" என்றேன். படுத்திருக்கவில்லை. மாடியில் துணி உலர்த்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஐயோ.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆய்வு அதிகாரி வருகிறார் என்று நேற்று மாலைதான் சொன்னார்கள். சுற்றறிக்கை அம்மா பெரிய ஹாலில் திரை கட்டி, பள்ளியின் சாதனைகளைப் படம் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். பெற்றோர், பிள்ளைகள், எல்லோரும். காலை ஒன்பது மணிக்கு ஹால் கம்ப்யூட்டர் உயிரை விட்டுவிட்டது. லேப் மிஸ் என்ன செய்தாள்? ஓடிப் போய் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரைக் கழற்றி, தானே தூக்கிக்கொண்டு வந்து, மேடையில் வைத்து இணைத்துவிட்டாள்.

நான் எட்டாம் வகுப்பை வரிசையாக அழைத்துக்கொண்டு ஹாலுக்குள் நுழைகிறேன். மேடையில் அந்தப் பெட்டி. அதன் மூலையில் நான் போன வருஷம் ஒட்டிய பேண்டேஜ் துண்டு. அடையாளம் தெரிந்ததும் நின்றுவிட்டேன். இன்று என்ன தேதி? பதினெட்டு. பதினெட்டுக்கு என்ன எழுதினேன்? பதினேழு நாற்காலி. பத்தொன்பது சாக்பீஸ். பதினெட்டு—

நினைவு வந்துவிட்டது.

ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், புடவையில், ஓடினேன். பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று குனிந்தேன். உடற்பயிற்சி சார் பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"டீச்சர், டீச்சர், தொடாதீங்க! உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல. ஷாக் அடிச்சிடும்."

"இல்ல சார், நான் சும்மா—"

"நீங்க போய் உக்காருங்க, லேப் மிஸ் பாத்துக்குவாங்க."

லேப் மிஸ் பொத்தானை அழுத்தினாள். பத்தடி அகலத்தில், அறுநூறு பேர் முன்னால், அதிகாரி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, சுவரில் வந்தது:

"தலைமையாசிரியை வந்துகொண்டிருக்கிறார். எல்லோரும் வேலை செய்வதுபோல் நடிக்கவும்."

எல்லோரும் படித்தார்கள். பிறகு கடைசி வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அவ்வளவுதான், ஹாலே பிய்த்துக்கொண்டது. பெற்றோர்கூடச் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தலைமையாசிரியையிடம், "இது தினசரி நடைமுறையா?" என்று கேட்டார்.

சுற்றறிக்கை அம்மாவின் முகத்தை இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். கோபம் இல்லை அதில். அழுதுவிடுவார் போலிருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

சுற்றறிக்கை அம்மா எல்லோரையும் ஸ்டாஃப் ரூமில் நிற்க வைத்தார். ஒரே கேள்விதான்.

"அட்மின் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான் மேடம்" என்றாள் லேப் மிஸ். பொய் சொல்லத் தெரியாத பெண். "ஆனா நான் இதப் பண்ணல."

"உன்கிட்ட மட்டும்தான் சாவி. நீ திறக்கல. அப்ப யார், பேயா?"

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவளுடைய ஒப்பந்தம் வரும் முப்பதாம் தேதியோடு முடிகிறது. இந்த முறை கையெழுத்துப் போட மாட்டேன் என்று தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். மூன்றாவது படிக்கிற மகள் இருக்கிறாள்.

செப்டம்பர் 20, சனி

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் சிரித்தார், பிறகு நிறுத்தினார்.

"போய்ச் சொல்லிடு."

"சொன்னா என் மானம் போகும். அதோட எல்லா டைப்பிங்கும் என் தலைல வந்து விழும். ரிட்டயர் ஆகற வரைக்கும் மார்க் அடிச்சிட்டு உக்காந்திருக்கணும்."

"அந்தப் பொண்ணு வேலை போகுதேம்மா."

டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். ஒரு வாரத்தில் கோபம் தணிந்து, சுற்றறிக்கை அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார். போடுவார்தானே?

செப்டம்பர் 22, திங்கள்

இன்று நான் செய்தது அசிங்கம். எழுதி வைக்கிறேன், மறந்து போகக்கூடாது.

லேப் மிஸ் கம்ப்யூட்டரை அலசிப் பார்த்திருக்கிறாள். என் கோப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி. அது எழுதப்பட்ட தேதியும் நேரமும் அதிலேயே இருந்திருக்கிறது. ஆனால் எழுதியவர் பெயர் அட்மின், அதாவது அவளே. நான்காம் பீரியடில் என் மேஜைக்கு வந்து குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், பத்தாம் தேதி புதன்கிழமை. மத்தியானம் பன்னெண்டு நாப்பது. நான் லேப்ல சாப்பிட்டுட்டு இருந்தேன். அப்ப இங்க யாரெல்லாம் இருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? நீங்க எப்பவும் இங்கதான இருப்பீங்க."

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. என்னைத்தான் நம்பி வந்திருக்கிறாள், இந்த அறையில் கம்ப்யூட்டர் தெரியாத ஒரே ஆள் என்று.

"அன்னைக்கு நான் சீக்கிரமே சாப்பிடப் போயிட்டேனே" என்றேன்.

"சரி டீச்சர், பரவால்ல."

பரவாயில்லையாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. வாயில் அத்தனை சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய். மூன்று வருஷப் பழக்கம்.

செப்டம்பர் 24, புதன்

புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று செய்தேன். லேப் மிஸ் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். ஆனால் உதடு அதே உதடுதானே. நேற்றுப் பார்த்து வைத்துக்கொண்டு, இன்று காலை திரையில் இப்படிப் போட்டேன்:

"இவற்றை எழுதியது லேப் மிஸ் அல்ல."

சுற்றறிக்கை அம்மா படித்தார். இரண்டு தரம் படித்தார். "தான் இல்லைன்னு தானே எழுதி வெச்சிருக்கா, என்ன தைரியம்!" என்றார். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் எழுத்து வருகிறதென்றால் வேறு யாராக இருக்க முடியும்? அட்லஸ்கூடத் தலையாட்டினார். இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகத்தையும் நானே தீர்த்து வைத்துவிட்டேன்.

லேப் மிஸ் அறை மூலையில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதுதான் தாங்கவில்லை எனக்கு.

செப்டம்பர் 25, வியாழன்

போய்ச் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை அறைக்குள் போய், கதவைச் சாத்தி, நின்றுகொண்டே சொன்னேன். "மேடம், அந்தத் திரைல எழுதினது நான்தான். எல்லாமே."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார்.

"உங்க மனசு எனக்குத் தெரியும். அவளக் காப்பாத்தணும்னு பாக்கறீங்க."

"இல்ல மேடம், நிஜமாவே நான்தான். எனக்கு கம்ப்யூட்டர் தெரியும்."

"டீச்சர்." சிரித்தேவிட்டார். "போன மாசம் நீங்க மவுஸத் தலைகீழாப் பிடிச்சிட்டு, அம்புக்குறி எதிர்ப்பக்கம் போகுதுன்னு என்கிட்டயே வந்து சொன்னீங்க. நான்தான் திருப்பிக் குடுத்தேன்."

ஆமாம். அது என் சிறந்த நடிப்பு. அன்றைக்கு வீட்டில் வந்து நடித்துக் காட்டி வீட்டுக்காரரைச் சிரிக்க வைத்தேன்.

"பொய் சொன்னாலும் நம்பற மாதிரி சொல்லணும்" என்றார் அம்மா. தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தது இன்றுதான்.

இனி என்ன செய்வது? உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

திங்களன்று ஆசிரியர் கூட்டம். ஸ்டாஃப் ரூமில்தான். கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

கூட்டம் தொடங்கியதும் எழுந்தேன். "மேடம், அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றேன். யார் பதிலுக்கும் காத்திருக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

உடற்பயிற்சி சார், "டீச்சர், எண்டர் வலதுபக்கம் இருக்கு" என்று உதவிக்கு எழுந்தார்.

கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். பத்து விரலையும் வைத்தேன். அடித்தேன். மூன்று வருஷமாக அந்த அறையில் ஒற்றை விரலில் டக்... டக்... என்று தடவியவள், இன்று நிறுத்தாமல் அடித்தேன். அந்தச் சத்தத்துக்கே எல்லோரும் தலையைத் தூக்கிவிட்டார்கள். பின்னால் யாருடைய பேனாவோ தரையில் விழுந்தது. பாஸ்வேர்டு கேட்டது. மாற்றிய புதிய பாஸ்வேர்டையே அடித்தேன். லேப் மிஸ்ஸிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வரியை மாற்றி, கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்ப எழுப்பினேன். பழைய பெட்டி, எழுந்திருக்க இரண்டு நிமிஷம் ஆகும். பதினேழு பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வு ஹாலில் பிள்ளைகளுக்கு நேரம் எப்படிப் போகும் என்று இன்று தெரிந்துகொண்டேன். ஒருவழியாக வந்தது:

"இதையும் முன்னால் வந்த எல்லாவற்றையும் எழுதியது கணக்கு டீச்சர். லேப் மிஸ்ஸுக்கு எதுவும் தெரியாது. செப்டம்பர் 10, பகல் 12.40-க்கு இந்த அறையில் இருந்ததும் நான்தான்."

முதலில் பேசியது உயிரியல் சார். "அப்ப என் கப்பு...?"

"ஆமா சார்."

"படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

சுற்றறிக்கை அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஹாலில் நடந்ததற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். தகுதிதான். ஆனால் அவர் கேட்டது வேறு.

"உங்களுக்கு டைப் பண்ணத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"மூணு வருஷமா தெரியும்."

"நாலு."

"வருஷா வருஷம் கால அட்டவணைய நான் ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, கையால எழுதறேன். போன வருஷம் ஏழு தடவ கிழிச்சிட்டு எழுதினேன். நீங்க பக்கத்துல உக்காந்து மை ஊத்திக் குடுத்தீங்க."

தலையைக் குனிந்துகொண்டேன். ஹாலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், எல்லோர் முன்னாலும். உண்மையாகவே கேட்டேன். பாஸ்வேர்டை லேப் மிஸ்ஸின் உதட்டசைவைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சொன்னேன். அதிகாரிக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"எழுதித் தாங்க" என்றார் அம்மா. "டைப் பண்ணியே தாங்க."

பிறகு லேப் மிஸ் பக்கம் திரும்பி, "நான் அவசரப்பட்டுட்டேன்மா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. லேப் மிஸ் எழுந்தாள், பையை எடுத்தாள், என்னைக் கடந்து வெளியே போனாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அவளுக்குக் கையெழுத்து ஆகிவிட்டது. ஒரு வருஷம்.

எனக்குச் சுற்றறிக்கை எண் 46. ஆறு முதல் பத்து வரை எல்லா வகுப்பு மதிப்பெண்களும், கால அட்டவணையும், பெற்றோர் கடிதங்களும் இனி கணக்கு டீச்சர் பொறுப்பு. எச்சரிக்கைக் கடிதம் தனியாக. அதன் நகலையும் நானே அடித்தேன். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

அக்டோபர் 1, புதன்

லேபுக்குப் போனேன். அவள் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுத்துக்கொண்டிருந்தாள். மன்னிச்சிடும்மா என்று தொடங்கினேன். நிமிராமலே பேசினாள்.

"பதினோரு நாள், டீச்சர். என் பொண்ணு ஸ்கூல மாத்தணுமான்னு யோசிச்சிட்டு இருந்தேன். அதுகூடப் பரவால்ல. பன்னெண்டு நாப்பது யார் இருந்தாங்கன்னு உங்ககிட்டதான் வந்து கேட்டேன். என் முகத்தப் பாத்துட்டே சொன்னீங்க."

"ஆமா."

"போங்க டீச்சர். எனக்கு வேலை இருக்கு."

வந்துவிட்டேன். அவள் இனி என்னோடு பேசாவிட்டால், நான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டதுதான்.

அக்டோபர் 3, வெள்ளி

பத்தாம் வகுப்பு, நாலு பிரிவு, ஆறு பாடம். விரல் நுனி எரிகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

லேப் மிஸ் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டருக்கு வந்தாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மீதிக் கையால் ஒற்றை விரலில் அடித்தாள். அட்லஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கும் வந்தது, நான் சிரிக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

திரை பழையபடி நீலமாகவே இருக்கிறது. உயிரியல் சார் வந்து, "என்ன டீச்சர், கடைய மூடிட்டீங்களா? காலைல வந்தா ஒண்ணுமே இல்ல, சப்புன்னு இருக்கு" என்றார். சுற்றறிக்கை அம்மா உள்ளே வரும்போது இப்போதெல்லாம் திரையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போகிறார். பயந்தா, எதிர்பார்த்தா, தெரியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மதிப்பெண் ஏற்றும்போது ஒன்பதாம் வகுப்பில் ஒரு வரிசை முழுக்க ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டது. எல்லாப் பிள்ளைக்கும் பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண். எங்கே தவறியது என்று ஒரு மணி நேரம் தேடினேன். வாசலில் நின்றிருந்த லேப் மிஸ், "நாப்பத்தி ரெண்டாவது வரில ஒரு காலிக் கட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இருந்தது.

இரண்டு வாரத்தில் முதல் பேச்சு. இதுவரை இந்த வேலையை அவள்தானே செய்துகொண்டிருந்தாள்? ஒரு நாளும் முனகி நான் கேட்டதில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ஆறாம் வகுப்பு முடிந்தது. ஐந்நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளும் முடிந்தார்கள். கடைசிப் பீரியடில் மேஜையிலேயே கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. மணி அடித்துத்தான் எழுந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று காலை எட்டு இருபதுக்கு ஸ்டாஃப் ரூமில் கூட்டம். யாராவது மயங்கி விழுந்துவிட்டார்களா என்று பதறிப் போய் உள்ளே போனேன். எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்கிறார்கள். உடற்பயிற்சி சார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சுற்றறிக்கை அம்மாகூட அங்கே இருக்கிறார், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு.

வழி விட்டார்கள். திரை முழுக்க நான். மேஜையில் கன்னத்தை அழுத்தி, வாயைப் பிளந்து, தூங்குகிறேன். மூக்கில் சாக்பீஸ் மாவு. கன்னத்துக்கு அடியில் மதிப்பெண் தாள். மேலே கொட்டை எழுத்தில்:

"சத்தம் போடாமல் உள்நுழையவும். ஐந்நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு மார்க் போட்ட களைப்பு."

திரும்பிப் பார்த்தேன். லேப் மிஸ் வாசல் நிலையில் சாய்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நடிப்பில் என்னை மிஞ்சிவிடுவாள்.

"கொஞ்சம் வாய மூடியிருந்தப்ப எடுத்திருக்கலாமேம்மா" என்றேன்.

"அதுவும் எடுத்திருக்கேன் டீச்சர்" என்றாள். "அது திங்கக்கிழமைக்கு. செவ்வாய்க்கு வேற ஒண்ணு இருக்கு."